பாதுகாப்புக் கேள்வி

இரவு வேலை முடிந்து வந்து
சப்பாத்தைக் கழற்றாமலே
மேசையில் பில்லுகளைப் பரப்புகிறேன்.
ஏஜக்ஸில் இன்னும் விடியவில்லை.
ஏப்ரல் பிறந்தும் பனி அள்ளும் வண்டி
தெருவைச் சுரண்டிக்கொண்டு போகிறது.

கணக்கு எனக்குப் புதிதில்லை.
பாண் தொழிற்சாலையில்
பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு றாத்தலையும்
எட்டு மணித்தியாலம் எண்ணுகிறவள் நான்.

முதலில் வீட்டுக்கு. அதில் கதையில்லை.
கரண்டுக்கு, கார்க் காப்புறுதிக்கு.
பிறகு எல்லா அட்டைக்கும் குறைந்தபட்சக் காசு,
ஒரு நாளும் பிந்தாமல்.
மிஞ்சினால் இருபது வீதக்காரனுக்கு:
நான் நித்திரை கொள்ளும்போதும் வளருகிறவன் அவன்தான்.
தளபாடக் கடை அட்டையில் இருநூற்றுப் பன்னிரண்டு.
அதை முடித்துவிட ஆசை,
பட்டியலில் ஒரு பேரைக் கிழித்து வெட்டும் ஆசை.
முடித்தாலும் மூடக்கூடாதாம்.
பழைய அட்டை கிடக்கட்டும்,
கதைக்காவிட்டாலும் உறவு உறவுதான் என்கிறது வங்கி.

அறுநூற்று எழுபத்தொன்று.
என்னை ஒருநாளும் கண்டிராத யாரோ
என் பேருக்குப் பக்கத்தில் எழுதிவைத்த எண்.
கார்த்திகையில் வீட்டுக்கடன் புதுப்பிக்கவேண்டும்.
வீடு இப்போது என் ஒருத்தியின் பேரில்.
அதுவரை அந்த எண்ணை
அடுப்பில் வைத்த பால் மாதிரி
பக்கத்திலேயே நின்று பார்க்கவேண்டும்.

இந்த மேசைக்கு வராத கடன் ஒன்று இருக்கிறது.

தை மாதம், வெளியே கழித்தல் இருபத்துநாலு,
வீட்டுச் சூடேற்றி செத்துப்போன கிழமை.
பிள்ளைகள் ஜாக்கெட்டோடு படுத்தார்கள்.
அடுப்படிப் பிரிவில் நிற்கிற புவிராசன்
சாப்பாட்டு அறையில் ஓர் உறையை நீட்டினார்.
"எவ்வளவு?" என்றேன்.
"எண்ணிப் பாக்கேல்லை. கிடந்ததைப் போட்டன்."
கையெழுத்து இல்லை, தவணை இல்லை, வட்டி இல்லை.
கழிப்பறைக்குள் போய் இரண்டு தரம் எண்ணினேன்.
அன்றைக்கே சூடேற்றி மூச்சுவிட்டது.

அந்தக் கடன் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.
கட்டாவிட்டாலும் என் எண் ஒரு புள்ளி இறங்காது.
அதனால்தான் அது
ஒவ்வொரு மாதமும் கடைசிக்குப் போனது.
வெட்கமாய் இருக்கிறது, ஆனாலும் கணக்குச் சரி.

நேற்றிரவு தேத்தண்ணி இடைவேளையில்
அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:
"வங்கி மாட்டன் எண்டிட்டுது.
ரெண்டு மாதம் கார்க் காசு பிந்தினதாம்."
"எந்த ரெண்டு மாதம்?"
கேட்டது நான்தான். கேட்டிருக்கக் கூடாது.
"மாசியும் பங்குனியும்," என்றார்,
என்னைப் பார்க்காமல்,
கோப்பையின் அடியைப் பார்த்து.

அதன்பிறகு பெல்ட்டில் வந்த பாணெல்லாம்
ஒன்றிரண்டு தவறித்தான் போயிருக்கும்.

என் எண் ஏறியிருக்கிறது,
தையிலிருந்து பதினெட்டுப் புள்ளி.
அவருடையது எவ்வளவு இறங்கியது,
அதை எனக்குச் சொல்ல ஒரு நிறுவனமும் இல்லை.
இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதுகிறவர்
இந்த நாட்டில் யாருமில்லை,
இந்த மேசையைத் தவிர.

குறைந்தபட்சங்களைக் கட்டினேன், எல்லாம்.
இருபது வீதக்காரனுக்கு என்று வைத்த நானூற்று நாற்பதை
தொலைபேசியில் புவிராசனுக்கு அனுப்பப் போனேன்.
வட்டி இந்த மாதம் என்னைத் தின்னட்டும்.
மிச்சம் மாதாமாதம்.

பாதுகாப்புக் கேள்வி ஒன்று வேண்டும் என்றது வங்கி,
பெறுகிறவருக்கு மட்டும் தெரிந்த விடையோடு.
கன நேரம் யோசித்தேன்.
"உறைக்குள் எவ்வளவு இருந்தது?" என்று எழுதி
விடையில் 2640 அடித்தேன்.
அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது:
அவர் எண்ணவே இல்லையே.
விடை பிழைத்தால் காசு திரும்பி வரும்.
எடுத்துச் சொல்ல விரல் போனது, நிறுத்தினேன்.
சப்பாத்தைக் கழற்றினேன்.

ஆறு பத்துக்கு வங்கி எழுதியது:
ஏற்றுக்கொள்ளப்பட்டது.

முதல் தரத்திலேயே.